பைதான் முதலிடம் என்றால், எதில்?

எந்த நிரல்மொழி பிரபலம் என்று 2025ஆம் ஆண்டில் வந்த மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த டியோபி நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் தரவரிசையில் பைதான் முதலிடம். நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்டுப் பதில் வாங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் கருத்துக்கணிப்பில் முதலிடம் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு. பதில் சொன்னவர்களில் 66 சதவீதம் பேர் அதில் எழுதுகிறார்கள். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப்பிலோ, அந்த ஆகஸ்ட் மாதம் டைப்ஸ்கிரிப்ட் முதல்முறையாக எல்லாவற்றையும் முந்தியது. ஒரே ஆண்டு, மூன்று முதலிடம். மூன்றில் எதுவும் பொய்யில்லை.

காரைக்குடியில் மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்க்கை நேரம் வந்துவிட்டால் போதும், இந்த மாதிரிப் பட்டியல் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணே, இதுல முதல்ல இருக்கிறதையே கத்துக்கிட்டா போதும்ல?" என்று கேட்பார்கள். அந்தப் படத்தில் பெரும்பாலும் தேதி இருக்காது. எதை எண்ணினார்கள் என்பதும் இருக்காது. இந்த இரண்டும் இல்லாத பட்டியலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரபலம் என்பதை நேரடியாக அளக்க வழியே கிடையாது. ஒருவரின் உயரத்தை அளக்கலாம், எடையை அளக்கலாம். ஒரு நிரல்மொழி எவ்வளவு பிரபலம் என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. அதனால் அளக்கக்கூடிய வேறு ஏதோ ஒன்றை எண்ணி, அதையே பிரபலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இது நம்ம ஊர்ச் சாப்பாடு எவ்வளவு பிரபலம் என்று கணக்கெடுப்பது மாதிரி. சென்னையில் எத்தனை ஓட்டல் போர்டில் 'செட்டிநாடு' என்று எழுதியிருக்கிறது என்று எண்ணினால் ஒரு விடை வரும். யூடியூபில் எத்தனை பேர் செட்டிநாட்டுக் குழம்புக்குச் செய்முறை தேடினார்கள் என்று எண்ணினால் இன்னொரு விடை. கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் வீட்டு அடுப்படிக்குள் போய் இன்று என்ன வெந்தது என்று பார்த்தால், போர்டில் பேரே வராத மண்டியும் வெள்ளைப்பணியாரமும் முன்னால் வந்து நிற்கும். பிறந்ததிலிருந்து மண்டி சாப்பிட்டு வளர்ந்த வீட்டில் யாரும் அதற்குச் செய்முறை தேட மாட்டார்கள். அதனால் தேடலை மட்டும் எண்ணுகிறவருக்கு மண்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நிரல்மொழிப் பட்டியல்களும் இதே மூன்று நான்கு வழிகளில்தான் எண்ணுகின்றன. போர்டை எண்ணுவது டியோபி. செய்முறை தேடுவோரை எண்ணுவது பி.ஒய்.பி.எல். அடுப்படிக்குள் பார்ப்பது கிட்ஹப். ஆளையே கூப்பிட்டுக் கேட்பது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கருத்துக்கணிப்பு.

போர்டை எண்ணுகிற டியோபி

செய்திகளில் அதிகம் அடிபடுவது டியோபிதான். 2001இலிருந்து மாதாமாதம் வருவதால் நீண்டகாலக் கோடு ஒன்று அதனிடம் இருக்கிறது. செய்யும் வேலை எளிது. கூகுள் போன்ற பல தேடுபொறிகளில் மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுவார்கள். எத்தனை பக்கங்கள் கிடைத்தன என்று தேடுபொறி காட்டும் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். எல்லா மொழிகளுக்கும் வந்த எண்ணிக்கையை 100 என்று வைத்து, ஒவ்வொன்றின் பங்கைப் போடுவார்கள். எது சிறந்த மொழி, எதில் அதிக வரிகள் எழுதப்பட்டன என்பதற்கெல்லாம் இது அளவு இல்லை என்று அவர்களே பட்டியலோடு சேர்த்துச் சொல்லியும் விடுகிறார்கள். அந்த வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டுவிடும்.

சிக்கல் எங்கே என்றால், தேடுபொறி காட்டும் 'இத்தனை கோடி முடிவுகள்' என்பது ஒரு தோராயம். தேடுபொறிக்காரர் உள்ளே எதையாவது மாற்றினால் அந்த எண் தாறுமாறாக ஆடும். இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி சி மொழி. 2017 ஜனவரியில் அதன் பங்கு 9 சதவீதத்துக்கு மேல். ஆகஸ்டில் சுமார் 6.5. 2018 ஜனவரியில் 11. அந்த முறை 'ஆண்டின் மொழி' என்ற பட்டமும் அதற்கே கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில் உலகத்தில் என்ன நடந்திருக்க முடியும்? லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை சி-யில்தான் எழுதியிருக்கிறார்கள். வாஷிங் மெஷினிலிருந்து கார் வரைக்கும் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன சிப்புகளுக்கு சி-யில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் ஆகஸ்டுக்குள் வேலையை விட்டுவிட்டு, பொங்கலுக்குத் திரும்பி வந்தார்களா? ஆடியது எண்ணும் முறைதான், சி இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்காக டியோபியைத் தூக்கிப் போட வேண்டாம். மாத ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, பத்து இருபது வருடக் கோட்டைப் பாருங்கள். 2001இலிருந்து 2021 வரை முதலிடம் ஜாவாவுக்கும் சி-க்கும் இடையில்தான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. 2021 அக்டோபரில்தான் பைதான் அந்த இருவரையும் தாண்டி மேலே வந்தது. 2025இல் அதன் பங்கு 25 சதவீதத்தையும் கடந்தது. இப்படி வருடக்கணக்கில் ஒரே திசையில் போகும் கோட்டைத் தேடுபொறியின் குளறுபடி என்று தள்ள முடியாது.

25 பெரிதா, 58 பெரிதா?

பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இது. அதே 2025இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கருத்துக்கணிப்பில் பைதானுக்கு 57.9 சதவீதம். டியோபியில் 25 சொச்சம். அப்படியானால் பைதான் டியோபியில் பின்தங்கியிருக்கிறதா?

இரண்டும் வேறு வேறு சதவீதங்கள். டியோபியில் எல்லா மொழிகளின் பங்கையும் கூட்டினால் 100 வரும். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். கருத்துக்கணிப்பில் ஒருவர் எத்தனை மொழிக்கு வேண்டுமானாலும் டிக் போடலாம். ஜாவாஸ்கிரிப்ட் 66, பைதான் 57.9 என்று அங்கே கூட்டிக்கொண்டே போனால் 100ஐ எப்போதோ தாண்டியிருக்கும். முன்னது அப்பத்தை வெட்டிப் பங்கு வைக்கும் சதவீதம், பின்னது 'இதைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்' என்கிற சதவீதம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்ட வீடியோக்கள் யூடியூபில் உண்டு. பார்க்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு நுணுக்கம், பங்கு குறைவதும் ஆள் குறைவதும் ஒன்றல்ல என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரில் ஒரு சென்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் அங்கே 100 பேர் படித்தார்கள்: சி 60 பேர், ஜாவா 40 பேர். 2020இல் 300 பேர்: சி 90, ஜாவா 90, பைதான் 120. இப்போது பங்கைப் பாருங்கள். சி 60 சதவீதத்திலிருந்து 30க்கு வந்துவிட்டது. ஜாவா 40லிருந்து 30க்கு வந்துவிட்டது. 'சி பாதியாகச் சரிந்தது' என்று தலைப்புப் போடலாம், தப்பில்லை. ஆனால் சி படிப்பவர்கள் 60லிருந்து 90 ஆகியிருக்கிறார்கள். ஜாவா படிப்பவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். வாத்தியாருக்கு வேலை கூடித்தான் இருக்கிறது.

போன வருடம் தெருவில் பார்த்த ஒரு ஆச்சி, "தம்பி, எம்பேரன் ஜாவாதான் படிச்சிக்கிட்டு இருக்கான். அது கீழ போயிருச்சாமுல்ல, பக்கத்து வீட்டுப் பய சொல்றான்" என்று கவலைப்பட்டார். அந்தப் பையன் சொன்னதும் உண்மைதான். 2001இல் டியோபியில் ஜாவாவின் பங்கு 26 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2025இல் 10ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆனால் 2001இல் நிரல் எழுதியவர்கள் எத்தனை பேர், இன்று எத்தனை பேர்? காரைக்குடியிலேயே வீட்டுக்கு ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ இதே வேலையில் இருக்கும் காலம் இது. மொத்தம் இத்தனை பெருத்தபிறகு, பத்தில் ஒரு பங்கு என்பதும் பெரிய கூட்டம்தான். ஆச்சிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "பேரன் படிக்கட்டும் ஆச்சி, வேலை கிடைக்கும்" என்றேன். அவருக்கு வேண்டியது அதுதான்.

தரவரிசை எண்ணிலும் இதே மாதிரி ஒரு கண்கட்டு உண்டு. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் பத்துப் பதினைந்து புள்ளி இடைவெளி இருக்கலாம். பத்தாம் இடத்துக்குக் கீழே எல்லாரும் தசமப் புள்ளியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். 2024 ஏப்ரலில் ஃபோர்ட்ரான் டியோபியின் முதல் பத்துக்குள் திரும்பி வந்தது. 1957இல் வந்த மொழி! 'கிழவன் எழுந்து வந்தான்' என்கிற மாதிரிச் செய்திகள் வந்தன. அப்போது அதன் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. இடத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைப் பாருங்கள்.

செய்முறை தேடுகிறவர்கள் யார்?

பி.ஒய்.பி.எல். பட்டியல், கூகுளில் 'ஜாவா டுடோரியல்', 'பைதான் டுடோரியல்' என்று எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை வைத்துப் போடப்படுகிறது. டுடோரியல் தேடுவது யார்? புதிதாகப் படிக்க வருகிறவர். பதினைந்து வருடமாக ஜாவாவில் வேலை பார்ப்பவர் அப்படித் தேடப்போவதில்லை. ஆகவே இது நாளைக்கு யார் வருவார்கள் என்பதைக் காட்டும். இன்று அலுவலகத்தில் எது ஓடுகிறது என்பதைக் காட்டாது.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் பைதான் வந்தது. சிவில் படிக்கிறவருக்கும் மெக்கானிக்கல் படிக்கிறவருக்கும் சேர்த்துத்தான். தமிழக அரசின் புதிய பாடநூலில் பிளஸ் ஒன்னுக்கு சி++, 2019இலிருந்து பிளஸ் டூ கணினி அறிவியலுக்குப் பைதான். ஒரு அரசாணை, ஒரு பாடத்திட்டக் குழு, அவ்வளவுதான். மறுவருடமே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே வாரத்தில் 'பைதான் லூப்' என்று தேடுவார்கள். பரீட்சை முடிந்ததும் பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள். தேடலை எண்ணுகிறவரின் கணக்கில் அவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், கிட்ஹப்பை எண்ணுகிறவரின் கணக்கில் அநேகமாக ஒருவரும் வரவில்லை.

செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் ஃப்ளெக்ஸ் போர்டில் இப்போது 'பைதான், டேட்டா சயின்ஸ், ஏஐ' என்று இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கிழிந்த மூலையில் பழைய பெயின்ட் எழுத்தில் 'விஷுவல் பே' வரைக்கும் தெரியும், விஷுவல் பேசிக் என்ற பழைய மொழியின் மிச்சம். டேலி மட்டும் பழைய போர்டிலும் உண்டு, புதிய போர்டிலும் உண்டு. எந்த உலகத் தரவரிசையும் டேலியைக் கண்டுகொள்வதில்லை (அது நிரல்மொழி இல்லை என்பதும் ஒரு காரணம்). ஆனால் இந்த ஊரில் கடைக்குக் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவர்களில் அதைத் தெரியாதவர் குறைவு.

எது எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தை நீங்களே திறந்து பார்க்கலாம். 2004 தொடங்கி இன்று வரைக்கும் தரவு இருக்கிறது, இந்தியாவை எடுத்து அதற்குள் தமிழ்நாட்டை மட்டும் பிரித்துப் பார்க்கவும் முடியும். சில விஷயங்களை மனதில் வையுங்கள். அதில் வரும் 100 என்பது நூறு பேரோ நூறு சதவீதமோ இல்லை. நீங்கள் எடுத்த காலத்துக்குள் அதிகபட்சமாகத் தேடப்பட்ட இடத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்குத் தக்கபடி சுருக்கியிருக்கிறார்கள். காலத்தை மாற்றினால் எல்லா எண்ணும் மாறிவிடும். பெயரைத் தட்டியதும் 'தேடல் சொல்' என்றும் 'நிரல்மொழி' என்றும் இரண்டு காட்டும். இரண்டாவதை எடுங்கள். முதலாவதை எடுத்தால் ஜாவா என்பதில் இந்தோனேசியத் தீவும் காபியும் சேரும், நம் பக்கத்தில் 2018இல் மறுபடி வந்த ஜாவா பைக்கைத் தேடியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பைதானில் மலைப்பாம்பு வேறு. வரைபடத்தில் 2011, 2016, 2022 ஜனவரிகளில் செங்குத்தாக ஒரு கோடும் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். அந்த இடத்தில் கூகுள் தன் கணக்கெடுக்கும் முறையைத் திருத்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டை ஒட்டி ஏதாவது திடீரென்று எகிறினால் கைதட்ட வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரம் தவறாமல் ஒரு பள்ளம் விழும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாரும் நிரல் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நவம்பரோடு டிசம்பரை ஒப்பிட்டு 'பைதான் சரிவு' என்று எழுதினால் அது பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் எழுதிய கட்டுரை. ஒப்பிடுவதானால் போன டிசம்பரோடு இந்த டிசம்பரை ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு மாதச் சராசரி எடுத்துக் கோடு போட வேண்டும்.

கூட்டமே மாறிவிட்டால்

காலப்போக்கில் ஒப்பிடும்போது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இது. அளக்கும் முறை அப்படியே இருந்தாலும், அளக்கப்படும் கூட்டம் மாறிவிடுகிறது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிட்ஹப்பும் 2008இல் தொடங்கியவை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ஆரம்ப நாட்களில் மைக்ரோசாஃப்ட்டின் சி ஷார்ப் மொழி பற்றிய கேள்விகள் குவிந்து கிடந்தன. அன்றைக்கு உலகமே சி ஷார்ப்பில் எழுதிக்கொண்டிருந்தது என்பதாலா? தளத்தைத் தொடங்கியவர்கள் மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் ஊறியவர்கள், அவர்கள் எழுத்தைப் படித்துவந்த கூட்டம்தான் முதலில் உள்ளே வந்தது. கிட்ஹப்போ ரூபி மொழியில் இணையதளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. அதனால் அங்கே முதலில் குடியேறியவர்கள் ரூபிக்காரர்கள். பிறகு மற்ற எல்லாரும் வந்தார்கள். இப்போது கிட்ஹப்பில் ரூபியின் கோடு பத்து வருடத்தில் எப்படி இறங்குகிறது என்று வரைந்தால், அதில் ஒரு பகுதி ரூபியை விட்டுப் போனவர்களால் வந்தது. இன்னொரு பகுதி ரூபிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் புதிதாக வந்ததால் வந்தது. கோட்டைப் பார்த்து எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

கருத்துக்கணிப்பிலும் இதே கதைதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2024இல் பைதானுக்கு 51 சதவீதம், 2025இல் 57.9. ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட ஏழு புள்ளி. செயற்கை நுண்ணறிவு வேலைகள் பெருகியதால் பைதான் உண்மையிலேயே வளர்ந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதில் சொன்னவர்கள் 2024இல் 65,000க்கு மேல், 2025இல் 49,000க்கு மேல். கால்வாசிப் பேர் குறைந்திருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் அதே கலவையில்தான் இருக்கிறார்களா என்று கேட்காமல் ஏழு புள்ளியையும் முழுசாகப் பைதானுக்கு எழுதிவைக்கக் கூடாது.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். நிரலில் சந்தேகம் வந்தால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி போடும் வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. என் மாணவர்களில் அங்கே கணக்கு வைத்திருப்பவர்களையே தேட வேண்டியிருக்கிறது. எல்லாரும் சாட்பாட்டிடம் கேட்கிறார்கள், அந்தக் கேள்விகளை வெளியிலிருந்து யாரும் எண்ண முடியாது. ரெட்மாங்க் என்ற நிறுவனம் 2010 வாக்கில் இருந்து ஒரு நல்ல பட்டியல் போட்டுவருகிறது. கிட்ஹப்பில் எவ்வளவு எழுதப்படுகிறது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எவ்வளவு பேசப்படுகிறது என்று இரண்டையும் இரண்டு அச்சில் வைத்துப் பார்க்கும் முறை. இருப்பதில் இதுதான் நிதானமானது என்பேன். இப்போது அதன் ஒரு கால் வலுவிழந்துவிட்டது.

எது ஒரு மொழி என்று எல்லை போடுவதும் கூட்டத்தை மாற்றும். 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் கட்டப்பட்டதுதான். இரண்டையும் தனித்தனியாக எண்ணியதால்தான் கிட்ஹப்பில் 2024இல் பைதான் ஜாவாஸ்கிரிப்ட்டை முந்தியது என்ற செய்தி வந்தது. சேர்த்து எண்ணியிருந்தால் கதை வேறு. பி.ஒய்.பி.எல். சி-யையும் சி++-ஐயும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவந்தது, டியோபி பிரித்துப் போடுகிறது. இரண்டில் எது சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிரித்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

யூடியூபில் பட்டைகள் ஓடிப் போட்டிபோடும் வீடியோக்கள் இருக்கின்றனவே, 1960களில் தொடங்கி இன்று வரைக்கும், கீழே ஆண்டு ஓட ஓட ஃபோர்ட்ரான் இறங்கி, பாஸ்கல் ஏறி, சி ஏறி, ஜாவா ஏறி... பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 1970இல் கூகுள் கிடையாது, கிட்ஹப் கிடையாது. அன்றைக்கு ஏதோ ஒன்றை எண்ணி, 2000க்குப் பிறகு வேறொன்றை எண்ணி, நடுவில் ஒட்டுத் தெரியாமல் தைத்திருக்கிறார்கள். எந்த மொழி எந்தத் தலைமுறையில் வந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும். அதில் வரும் தசமப் புள்ளிகளை நம்ப வேண்டாம்.

கோட்டுக்குப் பின்னால் ஒரு காரணம்

ஒரு கோடு ஏறுவது நிஜமா இல்லையா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்தத் தேதியில் வெளியில் என்ன நடந்தது என்று கேட்பது. அப்ஜெக்டிவ்-சி இதற்கு அழகான உதாரணம். 1980களில் பிறந்து யாரும் அதிகம் கண்டுகொள்ளாமல் கிடந்த மொழி. 2008இல் ஐபோனுக்கு வெளியார் செயலி எழுதலாம் என்று ஆப்பிள் திறந்துவிட்டது, எழுத வேண்டியது அப்ஜெக்டிவ்-சியில். கோடு செங்குத்தாக ஏறியது. 2011, 2012 இரண்டு வருடமும் டியோபியின் 'ஆண்டின் மொழி' அதுதான். 2014 ஜூனில் ஆப்பிளே அதற்குப் பதிலாக ஸ்விஃப்ட் என்ற புது மொழியை அறிமுகப்படுத்தியது. அங்கிருந்து கோடு இறங்க ஆரம்பித்தது. ஏறியதற்கும் காரணம் உண்டு, இறங்கியதற்கும் காரணம் உண்டு, இரண்டும் தேதியோடு பொருந்துகின்றன. ரூபிக்கு 2004இல் ரெயில்ஸ். 1991இல் வந்த பைதானுக்கு எண்கணக்கு நூலகங்களும், பிறகு 2015இல் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்காகக் கூகுள் திறந்துவிட்ட டென்சர்ஃப்ளோ போன்றவையும். சி-யின் 2017 பள்ளத்துக்கு இப்படி ஒரு காரணத்தை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அதை நான் நம்பவில்லை.

எண்ணிக்கைக்கே வராத பயன்பாடும் இருக்கிறது. 1959இல் உருவான கோபால் (COBOL) என்ற மொழியில் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இன்னும் ஓடுகின்றன. அவை கிட்ஹப்பில் கிடக்காது. அதைப் பற்றி யாரும் யூடியூபில் வீடியோ போடுவதும் அரிது. 2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் செய்தியாளர் கூட்டத்திலேயே கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் பழைய கணினிகளைத் திணறடித்துவிட்டன.

ஃபோர்ட்ரானும் அப்படித்தான் ஒளிந்திருக்கிறது. 1953இலிருந்து காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மாதிரியான ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி பைதானில் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கிறார் என்று வையுங்கள். அவர் எழுதுவது நாலு வரி. அந்த நாலு வரி கூப்பிடும் நூலகத்துக்கு அடியில் லாபேக் என்ற கணித நூலகத்தின் வழிமுறைகள் இருக்கும். லாபேக் எழுதப்பட்டது ஃபோர்ட்ரானில். அவர் பைதான் பயனரா, ஃபோர்ட்ரான் பயனரா? கருத்துக்கணிப்பில் பைதானுக்கு மட்டும்தான் டிக் போடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

வேலைக்காகப் படிக்கிற பிள்ளைகள் மேலே சொன்ன எந்தப் பட்டியலையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. எண்ண வேண்டியதை நீங்களே எண்ணலாம். வேலைவாய்ப்புத் தளத்தில் நீங்கள் போக நினைக்கும் ஊரைப் போடுங்கள், சென்னையோ கோயம்புத்தூரோ. அனுபவம் என்ற இடத்தில் ஃப்ரெஷர் என்று போடுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை விளம்பரம் வருகிறது என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை அதே நாளில் அதே மாதிரித் தேடிப் பாருங்கள். ஆறு மாதத்தில் உங்களுக்கென்று ஒரு கோடு கிடைத்துவிடும். எண்ணும்போது இரண்டு விஷயத்தைக் கழித்துவிடுங்கள். ஒரே வேலையை நாலு கன்சல்டன்சிகள் நாலு விளம்பரமாகப் போட்டிருப்பார்கள், அதை ஒன்றாக எண்ண வேண்டும். 'சி, சி++, ஜாவா, பைதான் ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும்' என்று எழுதியிருக்கும் விளம்பரம் எல்லா மொழியின் தேடலிலும் வந்து நிற்கும். அதைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முதல் வேலைக்கான விளம்பரங்களில் அந்தப் பக்கம்தான் வேகமாக நிரம்பும்.